கூத்துக்களரியும் கிற்றார் மேடையும்: திருகோணமலைத் துறைமுகத்து இரவுகளும் திரியாய்க் கிராமமும்

1. தோற்றுவாய்

வரலாறு என்றதும் அரசர், போர், ஆட்சிமாற்றம், நிலவுரிமை என்பனவே நினைவுக்கு வருதல் வழக்கம். சமூக வரலாறு தனித்துறையாக வளர்ந்தபின் உழவர், மீனவர், தொழிலாளர் ஆகியோரின் வாழ்வும் ஆய்வுப் பொருளாயிற்று. ஆயினும் அங்கும் பெரிதும் எழுதப்பட்டிருப்பது அவர்களுடைய பகற்பொழுதே. வேலை முடிந்து முகங்கழுவி, தோழரோடு கூடி, பாட்டும் ஆட்டமும் நாடி அவர்கள் வெளியே சென்ற இராப்பொழுது வரலாற்றாசிரியர் கண்ணில் அதிகம் படவில்லை. அது வெறும் பொழுதுபோக்கு, ஆய்வுக்குரிய பொருளன்று என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம்.

இவ்வெண்ணம் பொருத்தமானதன்று. ஒரு சமூகத்தின் இளைஞர் இரவில் அச்சமின்றி ஒன்றுகூட முடிகின்றதா, எங்கே கூடுகின்றனர், யாருக்கு அங்கு இடமுண்டு, யார் அதனைத் தடுக்கின்றனர் என்னும் வினாக்கள் அச்சமூகத்தின் பொருளியலையும் அதிகார அமைப்பையும் நேரே தொடுகின்றன. திருகோணமலை மாவட்டத்து இசையிரவுகளின் வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வதும், அம்மாவட்டத்தின் வடகரையிலுள்ள திரியாய் என்னும் கிராமத்தில் நின்று அவ்வரலாற்றின் பொருளைக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரியாய் திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தொலைவில், குச்சவெளிக்கும் புல்மோட்டைக்கும் இடையில் அமைந்த பழந்தமிழ்க் கிராமம். வயலும் குளமும் ஒருபுறம், கடலும் களப்பும் மறுபுறம். அங்குள்ள குன்றின் மேல் கிரிகண்டு என வழங்கும் பழைய பௌத்த வட்டக்கோயிலின் சிதைவுகளும், பல்லவ கிரந்த எழுத்திற் பொறித்த வடமொழிக் கல்வெட்டு ஒன்றும் உள்ளன. அக்கல்வெட்டு வணிகர் பெயரைக் குறிப்பிடுகின்றது. ஆகவே இன்று ஒதுங்கிய சிற்றூராகத் தோன்றும் இவ்விடம் ஒருகாலத்தில் கடல்வழி வந்தோர் தங்கிச் சென்ற இடம் என்பது தெளிவு. கடல்வழி வருவோர் சரக்கை மட்டும் கொண்டுவருவதில்லை. தம் பாட்டையும் கொண்டுவருவர்.

2. துறைமுகமும் இரவும்: பழந்தமிழ்ச் சான்று

துறைமுக நகரின் இரவு தமிழுக்குப் புதிய பொருளன்று. மதுரைக்காஞ்சி பகலங்காடியையும் அல்லங்காடியையும் வேறுபடுத்திக் காட்டுகின்றது. பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையின் இரவுக் கோலத்தை விரித்துரைக்கின்றன. பலவகைத் தொழிலாளரும் வணிகரும் ஏற்றிய விளக்குகள் கடற்கரையில் ஒளிர்ந்ததனைக் கடலாடு காதை வரிசைப்படுத்திக் கூறும். அந்நகரின் மருவூர்ப்பாக்கத்தில் யவனர் வாழ்ந்தனர். பல மொழி பேசுவோர் கலந்து உறைந்தனர்.

அந்நகரில் நிகழ்ந்த இந்திரவிழா 28 நாள் நீடித்தது என மணிமேகலை கூறுகின்றது. ஏறத்தாழ ஒரு மாதம் நகர மக்கள் ஆடலும் பாடலுமாய்த் திளைத்தனர். நெடுமுடிக்கிள்ளி அவ்விழாவை எடுக்கத் தவறியமையால் கடல் பொங்கிப் பட்டினத்தை விழுங்கியது என்பது அக்காப்பியத்தின் கதை. கடல்கோளுக்குக் காரணம் விழா மறந்தமையே என இன்று எவரும் கொள்ளார். ஆயினும் அக்கதையைப் புனைந்த சமூகம் விழாவை எவ்வளவு முதன்மையாகக் கருதிற்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது. விழா நகர வாழ்வின் அணிகலன் மாத்திரமன்று, நகர வாழ்வின் நிபந்தனையே அது என்பது அச்சமூகத்தின் கருத்து.

3. களரி: ஊர் கற்ற கூத்து

கிழக்கிலங்கைத் தமிழ்க் கிராமங்களில் இரவுக்குரிய கலையாக நெடுங்காலம் விளங்கியது நாட்டுக்கூத்து. வடமோடி, தென்மோடி என்னும் இருவகை ஆட்டங்களும் மட்டக்களப்பில் செழித்தன. திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமம், மூதூர் போன்ற பகுதிகளிலும் கூத்து மரபு வேரூன்றியிருந்தது.

கூத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அரங்கேற்ற இரவையே நினைக்கின்றனர். உண்மையில் கூத்தின் சமூகப் பணி அதற்குப் பல வாரங்கள் முன்னரே தொடங்கிவிடும். அறுவடை முடிந்து கையில் நெல்லும் ஓய்வும் சேரும் காலத்தில் அண்ணாவியாரை அழைத்து, ஆளுக்கேற்ற பாத்திரம் பார்த்துச் ‘சட்டம்’ கொடுப்பர். அதன்பின் இரவுதோறும் இளைஞர் ஒரு வளவில் கூடி ஆட்டமும் தருவும் பழகுவர். பகலில் வயலில் நின்ற கால் இரவில் தாளக்கட்டுக்கு ஆடும். வாரத்துக்கு ஒருமுறை கிழமைக்கூத்தும், பின்னர் அடுக்குப் பார்த்தலும் நிகழும். இவை யாவும் கடந்த பின்னரே வட்டக்களரியில் மத்தளமும் சல்லரியும் ஒலிக்க அரங்கேற்றம் விடியும்வரை நடைபெறும். அரங்கேற்றத்தின் பின் வீடுவீடாகச் சென்று ஆடும் வழக்கமும் உண்டு.

ஆகவே கூத்து என்பது ஓரிரவு நிகழ்ச்சியன்று. பல வாரகாலம் தோழர் சேர்ந்து கழித்த இரவுகளின் தொகுதி. அவ்விரவுகளிற் கலையும் பயின்றனர், நட்பும் பயின்றனர், ஊரார் முன்னிலையில் நிமிர்ந்து நிற்கவும் பயின்றனர். பயிற்சியைப் பார்க்கவும் ஊர் வரும். பிழையைத் திருத்தவும் ஊருக்கு உரிமையுண்டு. ஆடுவோருக்கும் பார்ப்போருக்கும் இடையே வட்டக்களரியில் முன்னும் பின்னும் இல்லை, எத்திசையிலிருந்தும் பார்க்கலாம்.

திருகோணமலை நகரிலோ நவராத்திரி இரவுகள் வேறொரு வடிவில் இளைஞருக்குரியனவாயின. கும்பமேந்தி உடுக்கும் பறையும் முழங்க அவர்கள் வீதிவீதியாய் ஆடிவரும் கும்ப விழா இந்நகரின் தனிச்சிறப்பு. இறுதி இரவில் அலங்கரித்த பெருங்கும்பங்கள் விடியும்வரை நகரைச் சுற்றும். சுமக்கும் தோள்கள் மாறிமாறி வருமேயன்றி ஆட்டம் நிற்பதில்லை. பக்தியும் உடல் வலிமையும் தோழமையும் இங்கு ஒன்றாய்க் கலந்துள்ளன.

இவ்விரவுகளைக் குறையற்ற பொற்காலம் எனப் போற்றுவதும் பிழையாகும். கூத்தில் ஆடியோர் ஆண்கள். பெண் பாத்திரத்தையும் அவர்களே ஏற்றனர். பெண்கள் ஒருபுறமிருந்து பார்த்தனர். எந்தக் களரியில் எவர் ஆடலாம், எந்தக் கோயில் வாசலில் எவர் நிற்கலாம் என்பதைச் சாதி வரையறுத்தது. யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தில் 1968 ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் அவ்வரையறை எவ்வளவு இறுகியது என்பதை நாடறியச் செய்தது. இரவு எல்லோருக்கும் பொதுவாகத் தோன்றினாலும் அதனுள்ளும் வேலிகள் இருந்தன.

4. கப்பற்படையும் காபிரிஞ்ஞாவும்

திருகோணமலையின் இரவை மாற்றிய இரண்டாவது ஆற்றல் துறைமுகம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் என்போரின் பின் 1795 இல் பிரித்தானியர் இந்நகரைக் கைப்பற்றினர். 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்ததன் பின்னர் பிரித்தானியக் கீழைக் கடற்படைக்கு இத்துறைமுகம் இன்றியமையாததாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் நகரைத் தாக்கின. போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான படையினரும் தொழிலாளரும் இங்கு நிறைந்தனர். படையினரோடு அவர்தம் வாத்தியக் குழுக்களும், நடன மண்டபங்களும், கிராமபோன் இசைத்தட்டுகளும் வந்தன. 1957 இல் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்படும்வரை மேனாட்டு நடன இசை இத்துறைமுக நகரின் காதிற் பழகிய ஒலியாக இருந்தது.

ஆயினும் மேனாட்டிசை ஆங்கிலக் கடற்படையோடு மட்டும் வந்ததெனக் கொள்ளுதல் தவறு. போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் சமூகம் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் தன் கிரியோல் மொழியையும் பாட்டையும் காத்து வந்துள்ளது. திருமண இரவுகளில் வயலினும் மந்தொலினும் மேளமும் சேரக் காபிரிஞ்ஞா என்னும் ஆட்டப்பாட்டு ஒலிக்கும். இலங்கையெங்கும் பின்னர் பரவிய பைலா இசைக்கு இத்தகைய போர்த்துக்கேய, ஆபிரிக்க மரபுகளே ஊற்று. அவ்வாறாயின் பைலாத் தாளம் கிழக்குக் கரையில் அந்நியப் பொருளன்று. பல தலைமுறையாக அயல்வீட்டில் ஒலித்த தாளமே அது.

துறைமுகங்களுக்கும் இளைஞர் இசைக்குமுள்ள தொடர்பு உலகப் பொதுவானது. இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரத்து இளைஞர் ஐவர் 1960 ஆகஸ்டில் ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்துக்குச் சென்று, மாலுமிகள் நிறைந்த சென்ற்போலி வட்டாரத்து இரவு விடுதிகளில் இரவு இரவாக மணிக்கணக்கில் வாசித்தனர். பீற்றில்ஸ் என உலகறிந்த குழு உருவான பட்டறை அதுவே. 1957 இல் திறக்கப்பட்ட லிவர்பூலின் கேவர்ன் விடுதி அவர்களின் இரண்டாவது பட்டறை. கல்லூரியில் எவரும் அவர்களுக்கு இதனைக் கற்பிக்கவில்லை. தொடர்ந்து கூடிய இரவுகளே கற்பித்தன. கூத்துப் பழகிய கிழக்கிலங்கை இளைஞனுக்கும் ஹம்பேர்க்கில் வாசித்த இளைஞனுக்கும் தொழிலாலும் பண்பாட்டாலும் வேறுபாடு மிகவுண்டு. ஆயினும் இரவே பள்ளி என்பதில் இருவரும் ஒருவரே.

இலங்கையில் இரவு விடுதி என்னும் வடிவம் கொழும்பின் உயர்குடிக்கே உரியதாயிருந்தது. 1960களில் கோல்பேஸ் ஹோட்டலின் கோக்கனட் குரோவ் போன்ற இடங்களில் ஜெற்லைனர்ஸ் முதலிய குழுக்கள் ஆங்கிலப் பாடல்களை வாசித்தன. கோட்டும் கழுத்துப்பட்டியும் நுழைவுக் கட்டணமும் இல்லாதாருக்கு அங்கு வழியில்லை. திரியாய் போன்ற ஊரின் இளைஞனுக்கு அது வேற்றுலகம். அவனுக்கு வாய்த்த இரவு விடுதி கோயில் வீதியே.

5. கோயில் வீதியில் கிற்றார்

இவ்விடத்தில் கோயிற் திருவிழாவின் பொருளியல் அமைப்பை நோக்க வேண்டும். ஈழத்துக் கோயில்களில் திருவிழா பல நாள் நீடிக்கும். நல்லூரில் 25 நாள். ஒவ்வொரு நாளும் ஓர் உபயகாரருக்குரியது. ஒரு குடும்பமோ, ஒரு தொழிற்குழுவோ, ஒரு கடைத்தெருவோ அந்நாட் செலவை ஏற்கும். தத்தம் திருவிழா மற்றோர் திருவிழாவிலும் சிறக்க வேண்டும் என்னும் போட்டி இயல்பாகவே எழும். நாதசுரக் கூட்டங்களின் எண்ணிக்கை, வாணவேடிக்கை, சப்பறத்தின் உயரம், இரவு நிகழ்ச்சி ஆகியவற்றில் அப்போட்டி வெளிப்பட்டது. நெடுங்காலம் அவ்விரவு நிகழ்ச்சியாகச் சின்னமேளம் இருந்தது. ஆறுமுக நாவலர் காலந்தொட்டுச் சைவ சீர்திருத்தவாதிகள் அதனைக் கண்டித்து வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சின்னமேளம் மங்கியபோது அதன் இடத்தை நிரப்ப வந்தவை மெல்லிசைக் குழுக்களாம்.

இக்குழுக்களின் எழுச்சிக்கு வேறு காரணங்களும் உள. 1950 இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை திரைப்பாடல்களை வீடுதோறும் சேர்த்தது. 1960களில் மின்சாரமில்லா ஊர்களுக்கும் திரான்சிஸ்ரர் வானொலி சென்றது. 1970 முதல் 1977 வரை ஆண்ட ஐக்கிய முன்னணி அரசு அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. தென்னிந்தியப் படங்களும் சஞ்சிகைகளும் குறைந்தன. அதனால் உள்ளூர்ப் படைப்புக்குத் தேவை பெருகிற்று. உள்ளூர்ப் பாடகர், உள்ளூர் இசைத்தட்டு, உள்ளூர்த் திரைப்படம் என்பன ஒருங்கே வளர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாம்.

இவ்வெழுச்சியில் திருகோணமலைக்குத் தனியிடமுண்டு. அந்நகரைச் சேர்ந்த எம். பி. பரமேஷ், அவர் சகோதரர் கோணேஸ் ஆகியோர் பெயரால் வழங்கிய பரமேஸ்–கோணேஸ் இசைக்குழு, இலங்கைத் தமிழரின் தொடக்ககால மெல்லிசை இசைத்தட்டுகளை அளித்த பெருமைக்குரியது. திரைப்பாடலைப் பிரதி செய்யாது, தாமே எழுதி, தாமே இசையமைத்துப் பாடலாம் என்னும் நம்பிக்கையை அக்குழு இளைஞருக்குத் தந்தது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் 1960களில் அம்பாறையில் மாணவராயிருந்தபோது பைலாத் தாளத்திற் பேச்சுத்தமிழை ஏற்றிப் பாடத் தொடங்கினார். ஏ. ஈ. மனோகரன் அவ்விசையைப் பெருமேடைக்குக் கொண்டு சென்றார். அவர் பாடிய ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் கலந்தது. மீன் கொண்டு வந்த செய்தியைச் சொல்லும் அப்பாடல் கடல் கடந்து தமிழகத்துத் திரைப்படம் வரை சென்றது. துள்ளிசை, பொப்பிசை என வழங்கிய இவ்வகை சில ஆண்டுகளிலேயே திருவிழா மேடைகளை வென்றது.

மேடையின் அமைப்பும் மாறிற்று. வட்டக்களரிக்குப் பதிலாக ஒருபுறம் நோக்கிய உயர்ந்த மேடை வந்தது. மின்பிறப்பாக்கி, ஒலிபெருக்கி, வண்ண விளக்கு என்பன வேண்டியனவாயின. கிற்றார், ஓர்கன், பொங்கோ, ட்ரம் ஆகியவற்றோடு தபேலாவும் ஹார்மோனியமும் ஓரிடத்தில் அமர்ந்தன. நிகழ்ச்சி பக்திப் பாடலோடு தொடங்கும்; திரைப்பாடல்கள் நடுவில் வரும்; இரவு முதிர முதிரத் துள்ளிசை ஓங்கும். அப்போது மேடைக்கு முன்னிருந்த மணலில் இளைஞர் எழுந்து ஆடுவர். அதற்கு எவரும் அண்ணாவியாராக இருக்கவில்லை; ஆயினும் ஆடத் தெரியாதவரும் ஆடினர்.

ஒலிபெருக்கியின் சமூக விளைவு ஒன்று ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. கோயில் மதிலுக்குள்ளே எவர் செல்லலாம் என்பதை வழக்கம் வரையறுத்த காலத்திலும் பாட்டு மதிலைக் கடந்து சென்றது. வீதியின் கடைக்கோடியில் நின்றவனுக்கும், தோணியில் வலை காத்திருந்தவனுக்கும், வெளியே வர அனுமதியில்லாது வீட்டுத் திண்ணையில் அமர்ந்த பெண்ணுக்கும் அது ஒருசேரக் கேட்டது. கேட்பதாற் சமத்துவம் வந்துவிடவில்லை என்பது உண்மை. எனினும் எல்லோரும் ஒரே இரவில் ஒரே பாட்டைக் கேட்டனர் என்பதும் சிறு மாற்றமன்று.

திரியாய்க்கும் நகருக்கும் இடைப்பட்ட வழியோ எளிதன்று. இறக்கக்கண்டி முதலிய இடங்களிற் களப்பு வாய்களைப் ‘பாதை’ என்னும் மிதவையாற் கடக்க வேண்டியிருந்தது. நகருக்கு இசைநிகழ்ச்சி பார்க்கச் செல்லும் இளைஞர் அன்றிரவே ஊர் திரும்புதல் கடினம். இன்னொருவர் வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ விடியும்வரை தங்கவேண்டும். அவ்வழியிலேயே உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் 1970களில் உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகள் எழுந்தன. அங்கும் இரவில் இசையுண்டு. ஆனால் அது வெளிநாட்டுப் பயணிக்குரியது. ஒரே வீதியில் ஒரே கடற்காற்றில் இரண்டு இரவுகள் இருந்தன: ஒன்று விலைக்கு, மற்றது உபயத்துக்கு.

6. கண்டனமும் அதன் உண்மையும்

பொப்பிசை பரவியபோது அறிஞரும் மூத்தோரும் கண்டித்தனர். அது மேனாட்டு மோகம், பண்பாட்டுச் சீரழிவு, கூத்தைக் கொல்ல வந்த நஞ்சு என்பன கண்டனத்தின் சாரம். முற்போக்கு நோக்குடையோர் அதனை முதலாளித்துவ நுகர்வுப் பண்பாட்டின் விளைவாகக் கண்டனர். மரபு நோக்குடையோர் ஒழுக்கக் கேடாகக் கண்டனர். இருசாராரும் எதிலும் ஒன்றுபடாதோர். இதில் மட்டும் ஒன்றுபட்டனர் என்பது வியப்புக்குரியது.

கண்டனத்தில் உண்மை இல்லாமல் இல்லை. திரையிசைப் பிரதியே பெரும்பாலான குழுக்களின் மூலதனமாக இருந்தது. கூத்தைப் பல வாரங்கள் ஊரே கூடிப் பழகியது. இசைக்குழுவைப் பணங்கொடுத்து ஓரிரவுக்கு அழைத்தது. படைப்பவனாக இருந்த ஊர் இளைஞன் பார்ப்பவனாக மாறினான். இம்மாற்றம் இழப்பே என்பதில் ஐயமில்லை.

ஆயினும் மூன்று செய்திகளை எண்ண வேண்டும். முதலாவது, ஒழுக்கக்கேடு எனப் பழிக்கப்பட்ட பாடல்களுள் நித்தி கனகரத்தினத்தின் புகழ்பெற்ற பாடலொன்று கள்ளுக்கடைப் பக்கம் போகவேண்டாம் என அறிவுரை கூறுவதே. நீதிநூல் கூறிய பொருளை அது ஆடத்தக்க தாளத்திற் கூறிற்று. இரண்டாவது, கூத்தும் ஒருகாலத்திற் கற்றோரால் இகழப்பட்ட கலையே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962 இல் கர்ணன் போரையும் தொடர்ந்து நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியவற்றையும் மேடையேற்றிய பின்னரே படித்தவர் கூத்தைத் தலைநிமிர்ந்து நோக்கினர். இன்று மரபெனப் போற்றுவதை நேற்று பாமரக் கூத்தெனப் புறந்தள்ளினோர் நாளை எதனைப் போற்றுவர் என்பது எவருக்கும் தெரியாது. மூன்றாவது, கூத்தும் துள்ளிசையும் அளித்த அடிப்படைப் பயன் ஒன்றே. உழைப்பு முடிந்த இளைஞர், பெற்றோர் கண்ணுக்கும் முதலாளி கண்ணுக்கும் சற்று விலகி, ஆனால் ஊரின் பாதுகாப்பினுள், தோழரோடு விடியும்வரை விழித்திருக்கும் உரிமையை இரண்டும் தந்தன.

1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் வூட்ஸ்ரொக்கில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர் மழையிலும் சேற்றிலும் கூடி றொக் இசை கேட்டதனை வியட்நாம் போருக்கெதிரான ஒரு தலைமுறையின் குரலாக உலகம் எழுதியது. திருகோணமலையின் கோயில் வீதிகளிற் கூடிய சில நூறு இளைஞரைப் பற்றி எவரும் அவ்வாறு எழுதவில்லை. அவர்களை நோக்கியும் ஒரு போர் வந்துகொண்டிருந்தது என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

7. இரவு பறிபோன காலம்

1977 இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. யப்பானிய ஒலிநாடாக் கருவிகள் கடைகளில் நிறைந்தன. 1979 இல் தொலைக்காட்சி தொடங்கிற்று. வீட்டிலிருந்தே பாட்டுக் கேட்கும் வழி பிறந்ததால் இசைக்குழுக்களுக்குப் போட்டி எழுந்தது. இயல்பான நிலை நீடித்திருப்பின் அவை இப்போட்டியைத் தாங்கி வேறு வடிவம் பெற்றிருத்தல் கூடும். ஆனால் அதற்கு அவகாசம் கிட்டவில்லை.

1983 யூலை வன்செயல்கள் திருகோணமலை நகரையும் எரித்தன. அதன்பின் இரவு என்னும் சொல்லின் பொருளே மாறிற்று. ஊரடங்குச் சட்டம், சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு என்பன அன்றாட வழக்காயின. மாலை ஆறு மணிக்குப் பின் வெளியே நிற்கும் இளைஞன் சந்தேகத்துக்குரியவனானான். இரவு மீன்பிடி தடைப்பட்டது. இரவுத் திருவிழா பகற் பூசையாகச் சுருங்கிற்று. மின்பிறப்பாக்கியின் ஒலி கேட்டால் பாட்டு வருமென எதிர்பார்த்த செவிகள், வாகன ஒலி கேட்டால் விளக்கை அணைக்கப் பழகின.

1985 யூனில் திரியாய்க் கிராமம் எரிக்கப்பட்டது. வீடுகள் நூற்றுக்கணக்கில் அழிந்தன. மக்கள் உயிரிழந்தனர், எஞ்சியோர் அகதிகளாயினர். பல ஆண்டுகள் ஊர் காடேறிக் கிடந்தது. சென்றவர் சிலர் பின்னர் மீண்டனர். பலர் நகரிலும் வேற்று மாவட்டங்களிலும் வேற்று நாடுகளிலும் தங்கிவிட்டனர். நெல் அறுவடை இல்லாத ஊரில் அறுவடைக்குப்பின் கூத்துப் பழகுதல் எவ்வாறு? உபயகாரர் சிதறியபின் உபயம் எவ்வாறு? இளைஞரே இல்லாத ஊரில் எந்த மேடைக்கும் இடமில்லை.

கிற்றார் கூத்தைக் கொன்றுவிடும் என அஞ்சியோர் அஞ்சியதற்கு மாறான ஒன்றை வரலாறு காட்டிற்று. கூத்துக்களரியும் கிற்றார் மேடையும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. இரண்டையும் ஒருசேர ஒடுக்கியது ஊரடங்கும் தீயுமே. விழா மறந்தமையால் ஊர் அழிந்தது என்பது மணிமேகலை சொன்ன கதை. ஊர் அழிந்தமையால் விழா மறைந்தது என்பது திரியாய் சொல்லும் வரலாறு.

8. முடிவுரை

2009 மே மாதத்திற் போர் முடிந்தது. அதன்பின் வடக்கு நோக்கிச் செல்லும் கடற்கரை வீதியிற் பாதைகள் இருந்த இடங்களிற் பாலங்கள் எழுந்தன. நகரிலிருந்து திரியாய்க்கு இன்று மிதவைக்குக் காத்திராது செல்லலாம். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் மீண்டும் இசை ஒலிக்கின்றது. நவராத்திரியிற் கும்பங்கள் வீதியுலா வருகின்றன. கோயிற் திருவிழாக்களுக்கு இசைக்குழுக்கள் அழைக்கப்படுகின்றன. துள்ளிசை பாடிய தலைமுறையிற் பலர் புலம்பெயர்ந்து சென்றுவிட்டனர்; மனோகரன் 2018 இல் சென்னையிற் காலமானார். அவர்களின் பாடல்கள் இன்றும் திருமண மண்டபங்களில் இளையோரை எழுந்து ஆடச் செய்கின்றன. அன்று சீரழிவு எனப்பட்டது இன்று ஈழத்து மரபு எனப்படுகின்றது.

ஆயினும் இரவைத் திருப்பிப் பெறுதல் பாலம் அமைத்தல் போன்ற பணியன்று. சாவடி அகற்றப்பட்ட பின்னரும் ஆறு மணிக்குக் கதவடைக்கும் பழக்கம் ஒரு தலைமுறையின் உடம்பில் ஊறியிருக்கும். இரவு வெளியே செல்லும் மகனைத் தாய் நோக்கும் நோக்கில் அப்பழைய அச்சம் கலந்திருக்கும். மகளுக்கோ அந்த இரவு முன்பும் முழுமையாகக் கிட்டியதில்லை. எனவே பழைய இரவை அப்படியே மீட்பது போதாது. அதன் வேலிகளையும் நீக்கி மீட்டல் வேண்டும்.

இவ்வகையில் ஆய்வாளருக்கு உடனடிப் பணி ஒன்றுண்டு. திருகோணமலை மாவட்டத்துக் கூத்துக்களரிகள், கும்ப நிலையங்கள், மெல்லிசைக் குழுக்கள், பறங்கியர் இசைமரபு ஆகியவற்றின் நினைவுகள் முதியோர் சிலரிடமே எஞ்சியுள்ளன. ஊர்கள் எரிந்தபோது கூத்தேடுகளும் நிழற்படங்களும் இசைத்தட்டுகளும் எரிந்தன. வாய்மொழிச் சான்றுகளை இப்போதே பதிவு செய்யாவிடின், எத்தனை வீடுகள் எரிந்தன என்பது மட்டுமே பதிவாகி, அவ்வீட்டார் எந்தப் பாட்டுக்கு விழித்திருந்தனர் என்பது மறைந்துவிடும். அழிவின் கணக்கு மாத்திரம் ஓர் ஊரின் வரலாறாகாது. அவ்வூர் மகிழ்ந்திருந்த இரவுகளையும் எழுதும்போதே இழந்தது எது என்பது முழுமையாக விளங்கும்.